நெடுங்கேணித் தேக்கைக் கனடாவுக்கு அனுப்ப என்னென்ன பெர்மிட் வேண்டும்?

அப்பா நட்ட தேக்கை வெட்டி, பலகையாகவோ கதவாகவோ ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியா ஓமந்தைப் பக்கம் மரக்காலை (மரம் அறுத்து விற்கும் இடம்) வைத்திருப்பவன் என்ற முறையில் என் பதில்: இங்கேயே கதவாகச் செய்வித்து அனுப்புங்கள். பச்சைப் பலகைக்குப் பின்னால் அலைய வேண்டாம்.

எல்லாரும் கொழும்புத் துறைமுகத்தை நினைத்துப் பயப்படுவார்கள். ஆனால் வில்லங்கம் உங்கள் படலையடியிலேயே தொடங்கிவிடும். மரம் நிற்பது உறுதி (பத்திரம்) உள்ள சொந்தக் காணியா, அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியா? வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. நட்டது அப்பாதான் என்றாலும் பிரதேச செயலகத்தில் கேட்காமல் கோடாலி வைக்காதீர்கள். இடப்பெயர்வில் காணிக் கடதாசி தொலைந்திருந்தால் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. விதானையாரிடமிருந்து (கிராம அலுவலர்) தொடங்குங்கள்.

அடுத்தது, மரம் ஏற்றும் பெர்மிட். 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் லொறிக்காரனை நடுங்க வைக்கும். மரத்தின் இனம், குற்றிகளின் எண்ணிக்கை, நீளம், சுற்றளவு, லொறி இலக்கம், போகும் பாதை, திகதி எல்லாம் அதில் இருக்கும். ஏ9 வீதியில் மறித்தால் நாடாவைப் போட்டு அளப்பார்கள். குற்றியின் வெட்டுமுகத்தில் சுத்தியலால் அடித்த முத்திரையையும் தேடுவார்கள். அளவு பிசகினால் மரம் மட்டுமல்ல, லொறியும் நீதிமன்றம் போகும். 'ஒரு சின்ன லோட்தானே, பொழுதுபட்ட பிறகு கொண்டுபோவோம்' என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள்.

இந்தக் கடதாசிகளின் பிரதிகளைத் தச்சரிடமும் கொடுத்து வையுங்கள். மரம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்டால் காட்ட வேறொன்றும் இராது.

வெளிநாட்டுப் பக்கத்தைப் பார்த்தால், தேக்கு என்பது நல்ல காலம். கருங்காலி என்றால் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். யானைத் தந்தம், பவளப்பாறை, 1945க்கு முந்திய கார் எல்லாம் உரிமம் வேண்டிய அதே பட்டியலில்தான் இருக்கின்றன! கருங்காலிக் கைப்பிடி வைத்தால் அழகாக இருக்கும் என்று தச்சர் ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

கதவை விட அதைச் சுற்றும் பெட்டி முக்கியம். 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பான சாதாரண மரத் துண்டுகளால் பெட்டி அடித்தால், மரப் பொதிகளுக்கான சர்வதேசத் தாவர சுகாதார விதியான ஐ.எஸ்.பி.எம் 15இன்படி அந்த மரம் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடமாவது சூடாக்கப்பட்டு, கோதுமைக் கதிர் போன்ற முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். சூடாக்குவதற்குப் பதிலாகப் பூச்சி கொல்லப் புகையூட்டிய மரத்துக்கும் அதே முத்திரைதான். மரக்காலையில் கிடக்கும் துண்டுகளை ஆணியடித்துப் பெட்டியாக்கினால் கனடாவில் மறிப்பார்கள். பிளைவுட் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கதவில் மரப்பட்டை ஒட்டியிருக்கக்கூடாது, பூச்சித் துளை இருக்கக்கூடாது. தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டுமா என்று அனுப்பும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், மரத்தை நன்றாக உலர விட்டுத்தான் தச்சரிடம் கொடுங்கள். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டுவிடும். ஈரப்பலகையில் செய்த கதவு அங்கே சுருங்கி, பொருத்துகள் விட்டுப்போகும்.