பாரிசிலிருந்து பார்சிலோனா: ரயிலா, விமானமா?

கேள்வி: ஜூன் விடுமுறையில் அம்மாவோடு பாரிசிலிருந்து பார்சிலோனா போகிறோம். ரயில் சரிவருமா? – வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக. டிஜிவி என்ற பிரான்சின் இரண்டடுக்கு அதிவேக ரயில், பாரிசின் கார் து லியோன் நிலையத்தில் கிளம்பி நேரடியாக 7 மணி நேரத்துக்குள் பார்சிலோனா சான்ட்ஸ் நிலையம் போய்ச் சேரும். விமானத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான் என்றாலும் விமான நிலையம் போக, வரிசையில் நிற்க, பெட்டிக்குக் காத்திருக்க என்று பாதி நாள் போய்விடும். நம்மூர் எம்ஆர்டி மாதிரி கார்டைத் தட்டிவிட்டு ஏற முடியாது, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அதனால் விற்பனை தொடங்கியதும் டிக்கெட் வாங்கிவிடுங்கள். கிடைத்தால், போகும் திசையில் இடப்பக்க இருக்கை. தெற்கு பிரான்சின் நார்போன் நகரம் தாண்டியதும் ரயில் காயல்களை ஒட்டி ஓடும், அதற்காகவே போகலாம்! மேல்தளம்தான் அழகு, ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கீழ்த்தளமே போதும். அப்புறம், பெட்டிகளை நாமேதான் தூக்கி வைக்க வேண்டும்.