இமயமலைக் கலை ஆய்வுக்கும் நூல் வெளியீட்டுக்கும் நிதி தருவதென்றால் எதற்குத் தரலாம்?

நேபாளத்துக்கென்றால் என் பதில் ஒன்றுதான்: இன்னும் பூசையில் இருக்கும் சிலைகளையும் துணியில் தீட்டிய தங்கா ஓவியங்களையும் படமெடுத்து, அளந்து, அச்சில் ஏற்றும் வேலைக்குக் கொடுங்கள். விளக்கத்தைப் பத்து வருடம் கழித்தும் எழுதலாம். களவுபோன சிலையைப் பிறகு படமெடுக்க முடியாது.

காத்மாண்டுக்கு அருகிலுள்ள பாட்டன் நகரில் 1984இல் திருடுபோன லட்சுமி நாராயணர் கற்சிலை, அமெரிக்காவின் டல்லஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2021இல் ஊர் திரும்பியது. களவுக்கு முன் எடுத்த படம் அச்சில் இருந்ததுதான் பிடி. தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோதும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய படங்கள்தான் சாட்சி சொன்னன.

அழகான முகப்படம் ஒன்று போதாது. அளவுகோலும் நிறத்தைச் சரிபார்க்கும் வண்ண அட்டையும் வைத்து முன், பின், இரு பக்கம், பீடம் எல்லாம் எடுக்க வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு உடைவையும் கிட்டத்தில் எடுக்க வேண்டும். ஒரே வடிவில் பல சிலைகள் இருக்கும்; மூக்கு நுனி பெயர்ந்த விதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கல்வெட்டுக்கு நேர் வெளிச்சம் ஆகாது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்தால்தான் எழுத்து எழும். தங்காவில் ஓவியத்தைத் தனியாகவும் பட்டுக்கரையோடு சேர்த்தும் அளக்கணும். கரையை மாற்றித் தைத்துவிட்டால் பழைய அளவு பொருந்தாது. பின்புறத்தை விடவே கூடாது. ‘ஓம் ஆ ஹூம்’ எழுத்துகளும், சிலவற்றில் கொடையாளர் பெயரும் அங்கேதான் இருக்கும்.

தேதியில் அடிக்கடி தவறு வரும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் கல்வெட்டுகளில் பெரும்பாலும் நேபாள சம்வத் என்ற ஆண்டுக்கணக்கு; கி.பி. ஆண்டு பெற அதோடு 879 அல்லது 880 கூட்ட வேண்டும். 800 என்றிருந்தால் கி.பி. 1679-80. விக்கிரம சம்வத் என்ற வேறொரு ஆண்டுக்கணக்கு என்று எண்ணி 57 கழித்தால் 743 ஆகிவிடும், ஒன்பது நூற்றாண்டுப் பிழை! நிதியில் கல்வெட்டு வாசிப்பவருக்கு என்று தனியாக ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள்.

20 × 25 செ.மீ. பக்கம் நிறைய ஒரு படம் அச்சாக, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் சுமார் 2360 × 2950 பிக்சல் வேண்டும். கேமராவின் மூலக் கோப்பையும் தரம் குறையாத டிஃப் (TIFF) படக் கோப்பையும் மூன்று பிரதியாக வைத்து, ஒன்றை வேறு ஊரில் பாதுகாக்க வேண்டும்.

பணம் முழுவதையும் பளபளப்பான ஒரு நூலில் கொட்டுவதுதான் நான் அதிகம் வருந்தும் தவறு. விலை ஏறிவிடும், சிலை இருக்கும் தெருவுக்குப் புத்தகம் போய்ச் சேராது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மூன்றைக் கேளுங்கள்: கோயிலைப் பார்த்துக்கொள்ளும் நேவார் குழுவுக்கு இலவசப் பிரதிகள், நேவாரியிலோ நேபாளியிலோ ஒரு சுருக்கம், படங்களை அவர்கள் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமை. தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறு செப்புச் சிலைகளுக்கு நூலில் ஊர்ப் பெயர் மட்டும் போதும். எந்த வீடு, எந்த அறை என்ற விவரம் அந்தக் குழுவிடமும் தொல்லியல் துறையிடமும் உள்ள பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.