சோற்றுத் தட்டின் முன்னால்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. காதில் யாரோ பேசுவதாகவும், பக்கத்து வீட்டார் தன்னை வேவு பார்ப்பதாகவும் சொன்னான். மனச்சிதைவு நோய் என்றார் டாக்டர். மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் இப்போது குளிப்பதில்லை, பேசுவதில்லை, சும்மாவே உட்கார்ந்திருக்கிறான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. சாப்பிடும்போது அப்பா ‘தண்டச்சோறு’ என்று திட்டுவார், அது பழகிவிட்டது. மூளையில் எங்கே கோளாறு? பெரிய ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?
– ஓர் அண்ணன், திருப்பூர்

பதில்: தெரியாது. கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். பல நோயாளிகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் சராசரியில் சற்றுப் பெரிதாக இருக்கும். ஒருவரின் படத்தை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கோளாறு ஓரிடத்தில் இல்லை, பகுதிகளை இணைக்கும் பாதைகளில் இருக்கிறது. நடுமூளையிலிருந்து, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு டோபமைன் என்ற ரசாயனம் போகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று உணர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது அங்கே மிஞ்சிப்போனால், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினால்கூடத் தனக்கு எதிரான சதியாகத் தோன்றும். குரல் கேட்கும்போது பேச்சுக்கும் செவிக்கும் உரிய பகுதிகள் நிஜமாகவே வேலை செய்கின்றன. உங்கள் தம்பி கதை கட்டவில்லை. மாத்திரை அந்த டோபமைனின் வேலையைத் தடுக்கிறது, அதனால் குரல் அடங்கியது.

எழுந்து குளித்துச் சட்டை மாற்றுவதைத் தொடங்கிவைப்பது வேறு பாதை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதியும் அதில் சேர்ந்தது. அந்தப் பாதை மந்தமானால் இப்போதுள்ள மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை. மனச்சோர்வாகவோ மாத்திரையின் பக்க விளைவாகவோகூட இருக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

சரி, போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். யாருக்குப் பழகிவிட்டது? தட்டில் கைவைத்தவனுக்கா, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துக் கைகழுவிப் போன உங்களுக்கா? இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 1972-ல் எழுதினார்கள்: குத்திப் பேசுகிற வீட்டுக்குப் போனவர்களிடம் நோய் திரும்பி வருவது அதிகம். உங்கள் அப்பா நோயை உண்டாக்கவில்லை. ஆனால் அடங்கிய குரல்களைத் திரும்ப அழைக்கும் வேலை உங்கள் வீட்டில் நடக்கிறது, நீங்கள் ஸ்கேன் சென்டர் தேடுகிறீர்கள்.

‘தனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்’ என்ற பயம் பல தகப்பன்களிடம் திட்டாகத்தான் வெளியே வருகிறது. மூத்த பிள்ளை நீங்கள். ‘நான் இருக்கிறேன்பா, இவனை நான் பார்த்துக்கொள்வேன்’ என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. கூடப் பிறந்தவனுக்குப் பொறுப்பேற்பது உபகாரம் இல்லை, கடமை. இன்றைக்கே சொல்லுங்கள். அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போய், தம்பி ஏன் எழவில்லை என்பதை டாக்டர் வாயாலேயே அப்பாவைக் கேட்கச் செய்யுங்கள். அதுவரை அவருக்கும் பேச ஆள் வேண்டும் என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.