கருத்தடை மாத்திரை போடும் நாட்களில் இடையில் ரத்தம் பட்டால், அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு வயது 26. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்றரை வயது. நர்ஸ் அக்கா கொடுத்த மாலா-என் மாத்திரை போடுகிறேன். இது இரண்டாவது அட்டை. பாதி முடிவதற்குள், நாலு நாளாகத் துணியில் பழுப்பு நிறத்தில் துளித்துளியாகப் படுகிறது. வலி இல்லை. கடலில் பாசி எடுக்கப் போன ஒரு நாள் மாத்திரை விட்டுப்போச்சு, மறுநாள் இரண்டாகப் போட்டேன். மாமியார் உடம்புச் சூடு என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறார். மாத்திரை வேலை செய்யவில்லையா? நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். இன்று போட வேண்டியதை இன்று போடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாத்திரை வேலை செய்யாததுபோலத் தெரியவில்லை. விட்டுப்போன ஒன்றை மறுநாள் சேர்த்துப் போட்டதும் சரியான காரியம்தான். ஒரே ஒரு மாத்திரை விட்டு, நினைவு வந்ததும் போட்டுவிட்டால் பாதுகாப்பு போய்விடாது.

அப்புறம் ஏன் ரத்தம் படுகிறது? மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அதில் 21 மாத்திரைகளில்தான் ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம். மீதி ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாட்களில்தான் வழக்கமாகத் தீட்டு வரும். ஹார்மோன் மாத்திரைகள் சினைமுட்டை வெளிவராமல் தடுக்கின்றன, கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்குகின்றன. கருத்தடை என்பது இந்த இரண்டு வேலைதான். கூடவே கருப்பையின் உட்சவ்வும் மெலிந்துபோகும். புதிதாக மெலிந்த சவ்வில் ரத்தக்குழாய்கள் எளிதில் கசியும். சவ்வு இதற்குப் பழக மூன்று மாதம் வரை ஆகலாம். நீங்கள் இரண்டாவது அட்டையில்தான் இருக்கிறீர்கள். கசிவு உட்சவ்வில் நடக்கிறது, முட்டையைத் தடுக்கும் வேலை சினைப்பையில் நடக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றது கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

1960-ல் அமெரிக்காவில் கருத்தடைக்கு ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. நீங்கள் போடுவதில் அந்த வகை மருந்தான எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 30 மைக்ரோகிராம் (0.03 மில்லிகிராம்) தான். ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் ஆபத்தைக் குறைக்கத்தான் அளவைக் குறைத்தார்கள். அளவு குறையக் குறைய இப்படி இடையில் கசிவது கொஞ்சம் கூடும். உயிருக்கு ஆபத்தானதைக் குறைக்க இந்தத் தொந்தரவை ஏற்றுக்கொண்டது நல்லதுதான் என்பேன்.

அளவு குறைவாக இருப்பதால்தான் நேரம் முக்கியமாகிறது. உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான். பாசி எடுக்கும் வேலை நீர் வற்றும் நேரத்தைப் பொறுத்தது. அது நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு நாள் விடியுமுன் கிளம்புவீர்கள், இன்னொரு நாள் வெயில் ஏறித் திரும்புவீர்கள். காலையில் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இடைவெளி ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்று காலை ஒன்று போட்டிருந்தால், அடுத்ததை இன்று இரவே போட்டுத் தொடருங்கள். நாளை இரவு வரை தள்ளாதீர்கள். சில மணி நேரம் முந்துவதால் கெடுதல் இல்லை, பிந்துவதுதான் பிரச்சினை. அட்டையை ஈரப் பையிலோ வெயில் இறங்கும் தகரக் கூரைக்கு அடியிலோ வைக்காமல், மூடியுள்ள சின்ன டப்பாவில் நிழலில் வையுங்கள்.

இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து விட்டுப்போனால் கதை வேறு. ஒன்றை உடனே போட்டு, தினமும் ஒன்றாகத் தொடருங்கள். ஏழு நாள் விடாமல் போட்டு முடியும்வரை ஆணுறை வேண்டும். விட்டது 15 முதல் 21 வரையுள்ள மாத்திரைகள் என்றால், இரும்புச்சத்து மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு 21 முடிந்த மறுநாளே புது அட்டையைத் தொடங்குங்கள். முதல் வாரத்தில் விட்டு, அதற்கு முந்தைய ஐந்து நாளில் உறவும் இருந்திருந்தால் அன்றே செவிலியரைப் பாருங்கள், அவசரக் கருத்தடை மாத்திரை தேவைப்படலாம். இரும்புச்சத்து மாத்திரை விட்டுப்போனால் கவலையே வேண்டாம்.

நம் கரையில் அடிக்கடி பார்க்கும் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கணவர் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்கோ வளைகுடாவுக்கோ போனதும் மாத்திரையை நிறுத்துவது, அவர் வரும் செய்தி கேட்டதும் மறுபடி தொடங்குவது. தீட்டு வந்த முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் உடனே பாதுகாப்பு. வேறு நாளில் தொடங்கினால் முதல் ஏழு நாள் ஆணுறை இல்லாமல் பாதுகாப்பு கிடையாது. இப்படி விட்டுவிட்டுப் போட்டால் உட்சவ்வு பழகவே பழகாது, ஒவ்வொரு முறையும் கசியும். ரத்தம் உறையும் ஆபத்தும் தொடங்கும் முதல் மாதங்களில்தான் அதிகம். ஒரு மாதம் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கினால் அந்த மாதங்கள் மறுபடி வருகின்றன. கணவர் வருவதும் போவதுமாக இருக்கும் வீட்டில், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி எனக்கு நல்ல யோசனையாகப் படுகிறது.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் ஆகியவை ஹார்மோனைக் கல்லீரலில் சீக்கிரம் அழித்துவிடும். அப்போது வரும் கசிவு உண்மையிலேயே பாதுகாப்பு குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். வேறு முறைக்கு மாறத்தான் வேண்டும். காய்ச்சலுக்குத் தரும் அமாக்சிசிலின் போன்றவை இப்படிச் செய்வதில்லை. மாத்திரை போட்ட இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

மாமியார் சொல்லும் சூட்டுக்கு வருகிறேன். அவர் அக்கறையில் சொல்கிறார். ஆனால் கருவாடும் வெயிலும் இந்தக் கசிவைக் கொண்டுவருவதில்லை, மோர் குடித்து அது நிற்கப்போவதும் இல்லை. பாதி அட்டையில் நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் தீட்டு போல நிறையவே போகும். பாதுகாப்பும் போய்விடும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், நிறுத்துவதற்கு முன் நடந்த உறவிலேயே கரு தங்கலாம்.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மணிக்கு ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றி மயக்கம், காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் என்றால் அன்றே மருத்துவமனை. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கண் மங்கும் கடுந்தலைவலி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உறவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ரத்தம் பட்டால் கருப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்தப் பரிசோதனை உண்டு.

உங்களுக்கு இவை எதுவும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை போடும் வாரத்தில் தீட்டு வரவில்லை என்றால் மட்டும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தம் பட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து வாருங்கள். மூன்றாவது அட்டை முடிந்தும் நிற்கவில்லை என்றால், அந்தக் காலண்டரையும் கையில் உள்ள அட்டையையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்து மருத்துவரைப் பாருங்கள். வேறு மாத்திரைக்கோ வேறு முறைக்கோ மாற்றித் தருவார். அதுவரை இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று.