செய்முறை வகுப்புக்கு 15,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: மகள் தமிழ் மூலம் உயர்தர உயிரியல் படிக்கிறாள். மனித உடல் பற்றிய குறிப்பெல்லாம் மனப்பாடம். ஆனால் இதயத்தின் படத்தைத் திருப்பிக் காட்டினால் இடது எது, வலது எது என்று தடுமாறுகிறாள். பாடசாலை ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கிறது. டியூசன் வழியாக அறிமுகமான ஒருவர் ஒரு நாள் 'செய்முறை செமினாருக்கு' 15,000 ரூபாய் கேட்கிறார். வராவிட்டால் செய்முறைப் புள்ளி போய்விடுமாம். கட்டலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. உயர்தர உயிரியலுக்குத் தனியாகச் செய்முறைப் பரீட்சையே இல்லை. முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், அவ்வளவுதான். செய்முறை பற்றிய கேள்விகள் வரும், அவையும் எழுத்தில்தான். 'செய்முறைப் புள்ளி' என்று சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர் பொய் சொல்கிறார். வட்ஸ்அப்பில் விளம்பரம், முடிவில் பளபளக்கும் ஒரு சான்றிதழ். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

மகளின் சிக்கல் இதயம்தானே? இறைச்சிக் கடையில் ஓர் ஆட்டு இதயத்துக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். முழுதாக, மேலேயுள்ள குழாய்களோடு, கீறாமல் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கறிக்கு வெட்டித் தந்துவிடுவார்கள். வீட்டில் மச்சம் புழங்குவதில்லை என்றால் சிநேகிதி வீட்டில் செய்யட்டும்.

கழுவி, உறைந்த இரத்தத்தை எடுத்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து இரு பக்கமும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் துவளும். மற்றது இறுகி நிற்கும். இறுகி நிற்பதுதான் இடது இதயவறை. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவதால் அதன் சுவர் அவ்வளவு தடிப்பு. கீழே கூராக இருக்கும் நுனியும் அதைச் சேர்ந்ததுதான். விரல் இதை ஒருமுறை அறிந்துவிட்டால் படத்தை எப்படித் திருப்பினாலும் பிள்ளை தடுமாறாது. வெட்டுவதற்கு முன் பெருநாடிக்குள், அதாவது இடது இதயவறையிலிருந்து மேலே கிளம்பும் தடித்த குழாய்க்குள், மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். அதன் அடியிலுள்ள அரைமதி வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கி நிற்கும். பிறகு இடது பக்கத்தை மேலிருந்து நுனிவரை கீறினால், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இருகூர் வால்வின் மடல்களைப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்கள் தையல் நூல் போலத் தெரியும். என் மாணவர்கள் அறுந்துவிடுமோ என்று பயந்து பயந்து தொடுவார்கள். இழுத்துப் பாருங்கள் என்பேன். அறாது.

மற்றவை சமையலறையிலேயே நடக்கும். கஞ்சித் தண்ணீரில் அயடீன் விட்டால் கருநீலம். உமிழ்நீர் கலந்து இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தபின் விட்டால் அந்த நிறம் வராது. படியேறுமுன்னும் பின்னும் நாடித் துடிப்பை எண்ணட்டும்.

இரத்த வகை பார்க்கிறோம் என்று விரலில் குத்தும் செமினாருக்கு மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள். அந்த நெரிசலில் ஒவ்வொருவருக்கும் ஊசி மாற்றினார்களா என்று யார் பார்ப்பது? ஹெபடைடிஸ் பி இரத்தத்தால் பரவும் நோய்.

ஒன்றே ஒன்றுக்கு வீடு போதாது: நுணுக்குக்காட்டி. இழையங்களின் வழுக்கிகளை, அதாவது மெல்லிய துண்டு வைத்த கண்ணாடித் தகடுகளை, பார்க்க அது வேண்டும். அதற்காக மட்டும் ஒரு வகுப்புக்குக் காசு கொடுக்கலாம், அதுவும் பாடசாலைக் கதவு திறக்கவே திறக்காது என்றால். கொடுக்குமுன் எத்தனை பிள்ளைகள், எத்தனை நுணுக்குக்காட்டிகள் என்று கேளுங்கள். 80 பேருக்கு ஒன்று என்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்கு 45 விநாடி. கண்ணை வைத்துக் குவியப்படுத்துவதற்குள் அடுத்த பிள்ளை முதுகில் தட்டும். திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்றால் அதுவும் வேண்டாம். பிள்ளையின் கை அந்தக் குமிழைத் திருக வேண்டும். ஐந்து பேருக்கு ஒன்று என்றால், சரி, அனுப்புங்கள்.

ஆனால் இந்தச் செலவே உங்கள் தலையில் விழக்கூடாது. கொழும்பின் ஈரப்பதத்தில், பூட்டிய அலுமாரிக்குள் வில்லையில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் நுணுக்குக்காட்டிகளை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். பூட்டி வைத்தால் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. இப்படி ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை என்று குறை சொல்கிறார்கள்!

மகளின் வகுப்பில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து அதிபருக்கு எழுதுங்கள். மாதத்தில் இரண்டு மணித்தியாலம், ஆய்வுகூடத்தில், ஆசிரியர் முன்னிலையில் என்று குறிப்பாகக் கேளுங்கள். உடைந்தால் செலவைப் பெற்றோர் ஏற்போம் என்ற வரியும் இருக்கட்டும். திகதி போட்டு ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.