அபாகஸா, பல்லாங்குழியா?

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை வளர்ச்சித் துறையினர் பதில் சொல்கிறார்கள்

கே: மகளுக்கு நாலரை வயது. எங்கள் தெருவிலேயே அபாகஸ் வகுப்பு வந்திருக்கிறது. "மூளையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும், ஞாபக சக்தி கூடும், எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வருவாள்" என்கிறார்கள். சேர்க்கலாமா? (வாசகி, ஈரோடு)

இப்போது வேண்டாம். ஆறு, ஆறரை வயதுக்குப் பிறகு, அவளுக்கும் ஆசை இருந்தால் சேருங்கள். அதுவும் கணக்கு வேகத்துக்காக மட்டும்.

அபாகஸ் என்னும் மணிச்சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல்மணிக்கு மதிப்பு 5, கீழ்மணி ஒவ்வொன்றுக்கும் 1. நாலோடு மூன்றைக் கூட்டச் சொன்னால் கீழ்மணி நான்கும் ஏற்கெனவே ஏறி நிற்கின்றன, மிச்சம் இல்லை. அதனால் மேல்மணியை இறக்கி (5), கீழே இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மூன்றுக்கு 'ஸ்மால் ஃப்ரெண்ட்' இரண்டு என்று வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். அதேபோல் 7 + 9 என்றால் ஒன்றைக் கழித்துப் பத்துகளுக்கான பக்கத்துக் கம்பியில் ஒரு மணி ஏற்ற வேண்டும். ஒன்பதுக்கு 'பிக் ஃப்ரெண்ட்' ஒன்று. ஐந்தையும் பத்தையும் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த குழந்தைக்கு இது அழகான விளையாட்டு. தெரியாத குழந்தைக்கு வெறும் விரல் மனப்பாடம். சட்டத்தில் டக் டக்கென்று விடை போடும், "ஏழு மிட்டாயில் மூன்றைத் தம்பிக்குக் கொடுத்தால்?" என்று கேட்டால் விழிக்கும்.

மகள் தயாரா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பதினைந்து புளியங்கொட்டைகளைக் கொட்டி, "ஏழு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். கையில் வந்ததை அள்ளிக் கொடுத்தால், ஒன்று முதல் நூறு வரை ஒப்பித்தாலும் ஏழு என்றால் எவ்வளவு என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. சரியாகக் கொடுத்தால் அடுத்தது: ஐந்து கொட்டையைக் காட்டி, இரண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "எத்தனை ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். விரல்விட்டு எண்ணாமல் சொன்னால் அபாகஸின் முதல் படிக்குத் தயார்.

இனி அந்த வாக்குறுதிகள். குஜராத்தில் வடோதராவில் ஒரு பள்ளியில் சுமார் 200 குழந்தைகளைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மன அபாகஸும் (மணிகளை மனதில் நினைத்துக் கணக்குப் போடுவது) மறுபாதிக்கு வழக்கமான கணிதமே கூடுதல் நேரமும் மூன்று ஆண்டுகள் சொல்லித்தந்து பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. கூட்டல், கழித்தல், பெருக்கலில் அபாகஸ் குழந்தைகள் முந்தினார்கள். ஆனால் ஞாபகத் திறனிலும் பொதுவான அறிவுத்திறனிலும் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தொடக்கத்திலேயே படத்தை மனதில் நிறுத்திவைக்கும் திறன் நன்றாக இருந்த குழந்தைகளுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது. அதாவது வகுப்பு கணக்கைச் சொல்லித்தந்தது, கணக்கு வந்தது. ஞாபக சக்தியோ அறிவுத்திறனோ தானாகப் பின்னால் வரவில்லை.

இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சுக்கு மூலம், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்டவர்களிடம் அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் ஸ்பெரி செய்த ஆய்வு. அதற்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மகளுக்கு அந்தக் கற்றை முழுசாக இருக்கிறது. பல் தேய்க்கும்போதும் இரண்டு பக்கமும்தான் வேலை செய்கின்றன.

பிற்பாடு சேர்ப்பதானால் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பத்துக் குழந்தைகளுக்கு மேல் ஓர் ஆசிரியர் என்றால் விரல் தப்பாகப் போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாறிப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. எல்லா லெவலுக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மாதாமாதம் கட்டுவதே நல்லது, இல்லையென்றால் கட்டிய பணத்துக்காகவே அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவீர்கள்.

கே: உறவினர் மகன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்கிறான். இரண்டு நாள் முகாமில் நடுமூளையைத் தூண்டிவிட்டார்களாம். நேரில் பார்த்தேன். எப்படி நம்பாமல் இருப்பது? (வாசகர், சேலம்)

நீங்கள் பார்த்தது நிஜம்தான். அவன் படித்ததும் நிஜம், கண்ணால் படித்தான் என்பதும் நிஜம்.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்முனையில் இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள பகுதி. கண்ணை அசைப்பது, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பவைப்பது, வெளிச்சத்தில் கண்மணியைச் சுருக்குவது இதெல்லாம் அதன் வேலைகளில் சில. உடலசைவைச் சீராக வைக்கும் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. அவை அழிந்தால் பார்க்கின்சன் நோய். பிறந்த நாளிலிருந்தே இயங்கும் உறுப்பு அது. மங்கலான அறையில் டார்ச்சை ஒரு நொடி காட்டுங்கள். கண்மணி சுருங்கினால் நடுமூளை வேலை செய்கிறது. கட்டணம் கிடையாது.

சூட்சுமம் மூக்கில் இருக்கிறது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இரு ஓரத்திலும் சின்ன இடைவெளி இருக்கும். அதன் வழியே கீழ்நோக்கிப் பார்வை போகும். அதனால்தான் குழந்தைகள் அட்டையை நெஞ்சருகே பிடிக்கிறார்கள், தலையை லேசாக அண்ணாந்துகொள்கிறார்கள், முகர்ந்து பார்ப்பதாகவும் தடவிப் பார்ப்பதாகவும் பாவனை செய்கிறார்கள். சோதிக்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்:

முதலில் நோட்டை அவன் நெற்றிக்கு மேலே பிடியுங்கள், பிறகு தலைக்குப் பின்னால். அடுத்து, கண்கட்டு அப்படியே இருக்க, ஒரு பரீட்சை அட்டையை மூக்குக்குக் கீழே, மேசைபோலக் கிடையாகப் பிடித்து, அதற்கு அடியில் நோட்டை வையுங்கள். கடைசியாக, நீச்சல் கண்ணாடியின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டி, ஓரம் தோலோடு படியுமாறு மாட்டிவிடுங்கள். எந்த நோட்டு என்பது பிடித்திருப்பவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் முகமும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தில் "இன்று எனர்ஜி இல்லை", "நம்பிக்கை இல்லாதவர் பக்கத்தில் இருந்தால் வராது" என்று காரணங்கள் வர ஆரம்பிக்கும். மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதை மேடை மேடையாக அம்பலப்படுத்தி வருகிறார்.

பையனைத் திட்டாதீர்கள். அம்மா அப்பா பணம் கட்டியிருக்கிறார்கள், கூட இருக்கும் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள். தனக்கு மட்டும் வரவில்லை என்று எந்தக் குழந்தை சொல்லும்? நமக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிவது பணம் அல்ல. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் கைதட்டு கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டதுதான். தனியாக இருக்கும்போது "ஓரத்தில் தெரிஞ்சுதா? பரவாயில்லை, சொல்லு" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவான்.

கே: விரல் ரேகையை ஸ்கேன் செய்து, குழந்தைக்கு எந்தத் துறை பொருந்தும் என்று சொல்லும் டி.எம்.ஐ.டி. சோதனை? (வாசகி, திருநெல்வேலி)

எடுக்க வேண்டாம். ரேகை, கருவில் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் உருவாகிவிடும், அதன்பிறகு மாறாது. அறிவும் ஆர்வமும் மாறிக்கொண்டே இருப்பவை. மாறாததை வைத்து மாறுவதை அளப்பது கைரேகை ஜோசியம்தான், கம்ப்யூட்டர் மட்டும் புதிது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லியிருக்கிறது.

கே: எட்டு மாதக் குழந்தை. ஃபிளாஷ் கார்டும் மூளை வளர்ச்சி வீடியோவும் காட்டுகிறோம், மொசார்ட் இசையும் போடுகிறோம். போதுமா? (வாசகர், சென்னை)

இசை உங்களுக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், இளையராஜா போட்டாலும் ஒன்றுதான். மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசை மூளையை வளர்க்கும் என்ற பேச்சுக்கு மூலம் 1993-ல் வந்த ஓர் ஆய்வு. அதில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் கேட்ட பிறகு, தாளை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்பதுபோன்ற புதிர்களில் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அந்த ஆய்வில் கைக்குழந்தை எதுவும் இல்லை. இருந்தும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார்.

வீடியோவை நிறுத்திவிடுங்கள். சொல் கற்றுத்தருவதாக விற்கப்பட்ட ஒரு வீடியோவை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் காட்டி அமெரிக்காவில் சோதித்தார்கள் (2010). வீடியோவே பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் கூடுதலாக ஒன்றும் கற்கவில்லை. வீடியோ இல்லாமல், அதே சொற்களை அன்றாட வேலைக்கு நடுவே அம்மா அப்பா சொல்லித்தந்த குழந்தைகளே அதிகம் கற்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதை எட்டும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள்.

ஃபிளாஷ் கார்டை நொடிக்கு ஒன்றாகப் புரட்டும்போது குழந்தை உற்றுப் பார்ப்பது உண்மை. மின்விசிறியையும் அப்படித்தான் பார்க்கும். மாம்பழப் படத்துக்குப் பதில் மாம்பழத்தைக் கையில் கொடுங்கள். கனம், வாசனை, வழுக்கல், உங்கள் குரலில் அதன் பெயர் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும்.

கே: இருவரும் வேலைக்குப் போகிறோம். வகுப்பில் சேர்க்காவிட்டால் நாலு வயது மகன் பின்தங்கிவிடுவானோ என்று பயம். வீட்டில் என்ன செய்யலாம்? (வாசகி, கோவை)

தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

எண்ணுக்கு: தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டங்களை ஒரே நேர்கோட்டில் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு சோழியைத் தூக்கிப் போடுங்கள். நிமிர்ந்தால் ஒரு கட்டம், கவிழ்ந்தால் இரண்டு. முக்கியமான விஷயம், காயை நகர்த்தும்போது கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லவைப்பது. நாலாம் கட்டத்தில் நின்று இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" அல்ல, "ஐந்து, ஆறு". பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான். இதேபோன்ற ஆட்டத்தை அமெரிக்காவில் ஏழை வீட்டுக் குழந்தைகளுடன் தலா 15 நிமிடம், நாலே தடவை, இரண்டு வாரத்துக்குள் ஆடினார்கள் (2008). எது பெரிய எண், எது சின்ன எண் என்பது நன்றாகப் பிடிபட்டது. ஒன்பது வாரம் கழித்தும் மறக்கவில்லை. எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்ட கட்டத்தில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. பரமபதம் பிறகு வரட்டும். அதில் வரிசை வலமும் இடமுமாக வளைந்து ஏறுவதால் நாலு வயதில் திசை குழம்பும். ஐந்து வயதில் பல்லாங்குழி. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது, எண்ணுவதற்கு நல்ல பயிற்சி. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் சோழி, கொட்டை எல்லாம் ஆட்டம் முடிந்ததும் உயரத்துக்குப் போய்விட வேண்டும், தொண்டையில் சிக்கும்.

பேச்சுக்கு: ஒரே கதைப் புத்தகத்தை ஒரு வாரம் படியுங்கள். முதல் நாள் நீங்கள் படியுங்கள். அடுத்த நாளிலிருந்து "இது என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி பெரியவர்களுக்குத் தாங்காது, நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். "நாய்" என்று மட்டும் அவன் சொன்னால் "ஆமா, கறுப்பு நாய் வேகமா ஓடுது" என்று நீட்டிச் சொல்லுங்கள்.

பொறுமைக்கும் கவனத்துக்கும் கல்லா மண்ணா. நிற்கக்கூடாத இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். பழைய விதியை விட்டுப் புதிய விதியைப் பிடித்தாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் போதும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தேவை. மாலை வகுப்பு முடிந்து எட்டரைக்கு வீடு, பத்தரைக்குப் படுக்கை, காலை ஆறுக்கு எழுப்புவது என்றால் தினமும் கடன்தான்.

கே: மகனுக்கு இரண்டரை வயது. "அம்மா", "தா" தவிரப் பேசுவதில்லை. மூளைப் பயிற்சி மையம் ஒன்றில் ஆறு மாதத்தில் பேசவைப்பதாகச் சொல்கிறார்கள். (வாசகர், மதுரை)

அந்த ஆறு மாதத்தை இழக்காதீர்கள். இரண்டு வயதில் "அப்பா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். இரண்டரையில் அது வரவில்லை என்றால் முதலில் காதுப் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். ஓரளவு மட்டும் கேட்கும் குழந்தையும் திரும்பும். காது கேட்கும் அளவைக் காட்டும் பெரா (BERA) சோதனையில் குழந்தையைத் தூங்கவைத்துப் பார்ப்பார்கள், வலி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். காது, பேச்சு, வளர்ச்சி மூன்றையும் இலவசமாகப் பார்க்கும் மையம் அது. கைபேசியில் ஓடும் பாட்டை இன்றே நிறுத்துங்கள்.

கே: வல்லாரை, பாதாம், ஞாபகசக்தி டானிக், இதில் எது நல்லது? (வாசகி, தஞ்சாவூர்)

வல்லாரைத் துவையல் ருசியானது, கொடுங்கள். டானிக் வேண்டாம். மூளைக்கு உண்மையில் குறைந்துபோவது பல வீடுகளில் இரும்புச் சத்து. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுவது. ரத்தசோகை உள்ள குழந்தை சீக்கிரம் சோர்ந்துவிடும், கவனம் நிற்காது. பார்ப்பவர்கள் 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஒரு ஹீமோகுளோபின் சோதனை எடுங்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச் சத்து சிரப் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். முருங்கைக் கீரை சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ கொடுத்தால் அது தடுத்துவிடும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்துவிட்டுச் சோற்றை ஒதுக்கும் குழந்தைக்கும் இதே பிரச்சினை வரும், பாலைக் குறையுங்கள்.