சை கை அழைப்பு வந்திருக்கிறது, காசு கட்டிச் சேரலாமா?

அமெரிக்காவில் இளங்கலை உளவியல் படிக்கிறீர்கள், நன்றாகப் படிக்கும் உளவியல் மாணவர்களுக்கான சர்வதேசக் கௌரவச் சங்கமான சை கை (Psi Chi) கட்டணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியதும் மோசடியோ என்று சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், பணம் பறிக்கவே நடக்கும் ‘கௌரவச் சங்கங்கள்’ அங்கே நிறைய உண்டு. சை கை அந்த ரகமில்லை. 1929-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த உலக உளவியல் மாநாட்டின்போது தொடங்கப்பட்டது. ஆனாலும் மின்னஞ்சலில் வந்த இணைப்பை நம்பிக் காசு கட்ட வேண்டாம். உங்கள் துறையில் கிளை இருக்கிறதா, அதன் ஆலோசகப் பேராசிரியர் யார் என்று முதலில் கேளுங்கள். கிளை வழியாகத்தான் சேர முடியும்.

இளங்கலைக்குத் தகுதி இதுதான்: உளவியல் முதன்மைப் பாடமாகவோ துணைப் பாடமாகவோ இருக்க வேண்டும், மூன்று செமஸ்டர் முடிந்திருக்க வேண்டும், உளவியலில் 9 கிரெடிட், ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) குறைந்தது 3.0, வகுப்பில் முதல் 35 சதவீதத்துக்குள் இடம். சில கிளைகள் இதைவிடக் கறாராக இருக்கும். சர்வதேசக் கட்டணம் ஒரே முறைதான், உறுப்பினர் தகுதி ஆயுளுக்கும். சில கிளைகள் தனியாகவும் கொஞ்சம் வாங்கும்.

சரி, பலன்? ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும், அதை மட்டும் பார்த்து எந்த பிஎச்.டி. குழுவும் இடம் தராது. சை கை தரும் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதுதான் உருப்படியான விஷயம். ஆய்வில் இறங்கும் எண்ணமிருந்தால் சேருங்கள். பட்டமளிப்பன்று தோளில் போடும் கயிற்றுக்காக மட்டும் என்றால், அது உங்கள் இஷ்டம்.